மஞ்சள் வண்டிக்குப் பிரேக் கிடையாது

"யோவ் மஞ்ச வண்டி! பிரேக்கே போடாம வளைவுல திரும்புறியே, உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?"

"மாமா, மெதுவா. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பாக்குறாரு."

"பாக்கட்டுமே! இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவன் நான். என்னையே உரசிட்டுப் போறான்!"

மாஸ்டர் குதித்த குதியில் நாற்காலி ஓரடி பின்னால் போனது. மேசையில் திருகி வைத்திருந்த ஸ்டீயரிங்கை மட்டும் அவர் கை விடவில்லை. திரையில் மஞ்சள் வண்டி கோட்டைத் தாண்டி, 'முதலிடம்' என்று மின்னியது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சான் போன மாதம் போட்டுக் கொடுத்த, நெட்டில் ஆட்களோடு கம்ப்யூட்டரும் வண்டி ஓட்டும் கார் ரேஸ் கேம் அது. அன்றிலிருந்து மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தினமும் இரண்டாவதாகத்தான் வருவார்.

"இந்த கேமே கோளாறு மச்சான். சுவத்துல முட்டினா ஒரு கீறல்கூட விழல. மழையில வைப்பர் ஆடுது, கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு மாசமா ஒரே டேங்க் பெட்ரோல்ல ஓடுது! நெசமா அப்படி ஒரு வண்டி இருந்தா ஸ்கூலுக்கு ரெண்டு வாங்கிப் போட்டுடுவேன்."

"அதெல்லாம் சின்னச் சின்ன தப்பு மாமா. மஞ்ச வண்டி நல்லா ஓட்டுது, அவ்வளவுதான்."

"மண்ணாங்கட்டி! மூணாவது வளைவுல பிரேக் போடாம எந்த மனுஷனாலயும் திரும்ப முடியாது. அது கம்ப்யூட்டர் ஓட்டுற வண்டி. என்னைத் தோக்கடிக்கணும்னே செஞ்சு விட்டிருக்கான். இன்னிக்கே நெட்டுல புகார் எழுதிப் போடுறேன் பாரு."

அடுத்த பந்தயம் தொடங்கியது. பின்கட்டில் துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்து பீப் பீப் என்று கத்தியது. மாஸ்டர் காதில் எதுவும் விழவில்லை. முன்னால் போன மஞ்சள் வண்டி நட்ட நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியா, பாத்தியா! தெனமும் ஒரு தடவை இப்படி நிக்குது. எந்த டிரைவராவது இப்படி நிப்பானா?" என்றபடி மாஸ்டர் முந்தினார். அரை நிமிஷம்கூட நிம்மதி இல்லை. மஞ்சள் வண்டி மறுபடி உயிர் பெற்று, அதே மூன்றாவது வளைவில் அவரைத் தாண்டிப் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் ஈரத்துணி வாளியோடு மாஸ்டரின் மனைவி வந்து நின்றாள்.

"கத்தி முடிச்சாச்சா? நாளைக்காவது எனக்கு வண்டி சொல்லிக் குடுங்க. ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் லைசென்ஸ் ஃபாரம் நிரப்புறேன். என் ஃபாரத்தை எப்போதான் நிரப்புறது?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கேட்டை இடிச்சியே, மறந்துட்டியா? உனக்கு வளைவு வராது."

"கேட்டுகூட நேராயிடுச்சு. உங்க பேச்சுதான் இன்னும் நேராகல."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"சரி, கேட்டுக்கோ. அந்த மஞ்ச வண்டியை ஒரு மனுஷன் ஓட்டுறான்னு தெரியட்டும், அன்னிக்கே கார் சாவி உன் கையில. போதுமா?"

"உங்க புகார்ல இதையும் சேத்து எழுதுங்க."

எழுதினார். கேம் ஆடுகிறவர்கள் எல்லாம் கூடிப் பேசும் பக்கத்தில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி, சுவர், மழை, பெட்ரோல், நடு ரோட்டில் நிற்கும் மஞ்சள் வண்டி என்று ஒன்றும் விடாமல் புகார் போட்டார். சாவிச் சபதத்தையும் போட்டார். கடைசியில், 'இது நியாயமா? படிக்கிறவங்க பதில் போடுங்க' என்று முடித்தார்.

மறுநாள் மாலை மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"மாமா! கேம் கம்பெனிக்காரங்களே பதில் போட்டிருக்காங்க. 'சுவர், மழை, பெட்ரோல் மூன்றும் எங்கள் தவறு, சரிசெய்கிறோம். மஞ்சள் வண்டி எங்களுடையது அல்ல. அதை ஓட்டுவது உங்களைப் போல ஓர் ஆள்தான்.'"

மாஸ்டர் முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆனது. "ஆளா? எவன்டா அவன்?"

"அந்த ஆளே கீழ எழுதியிருக்கு. நீங்களே படிங்க."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிட்டா பிரேக் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் ஸ்கூல்ல தெனமும் சொல்லிக் குடுக்கிறதுதான். பக்கத்து ரூம்ல ஃபாரம் நிரப்பிக்கிட்டே கேட்டேன், அவர்தான் செய்ய மாட்டேங்கிறாரு. நடு ரோட்டுல நின்னது கோளாறு இல்ல, ஆடிக்கிட்டிருந்த போனைக் கீழ வச்சுட்டு மெஷின்லேர்ந்து துணி எடுக்கப் போனேன். சாவி இன்னும் என் கைக்கு வரல. இது நியாயமா? படிக்கிறவங்க பதில் போடுங்க.'