பாதி பாதியாக

ஆய்வகத்தின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கணினித் திரையில் விழுகிறது. ஆய்வு மாணவி ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டுகிறாள். மாலைக்குள் வரைபடம் கைக்கு வராவிட்டால் கட்டுரையிலிருந்து அவளுடைய பகுதியைப் பேராசிரியர் எடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதை வரைய வேண்டிய கணினி நிரலோ காலையிலிருந்து தப்பு என்று ஒரே சிவப்பு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மேசைமேல் கிடக்கும் கைபேசியில் தம்பி பேசுகிறான். அவனுக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

“முழுசையும் அனுப்பினா யாரு படிப்பாக்கா? தப்பு வர்ற இடத்த மட்டும் வெட்டி அனுப்பு.”

“அது எந்த இடம்னு தெரிஞ்சா உங்கிட்ட எதுக்குடா கெஞ்சுறேன்?”

“பாதியத் தூக்கு. ஓட்டிப் பாரு. இன்னும் தப்பு வந்தா மிச்சத்துல பாதியத் தூக்கு.”

நகலில்தான் வெட்டுகிறாள். இருந்தும் மாதக்கணக்கில் எழுதியவை கொத்துக் கொத்தாக மறையும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஒருமுறை சிவப்பு காணாமல் போகிறது; அப்படியென்றால் தப்பு வெட்டிய பாதியில்தான். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு மற்ற பாதியை வெட்டுகிறாள். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. விசைகளைத் தட்டும் சத்தம் வரவரப் பலமாகிறது. கடைசியில் வெள்ளைத் திரையில் நாலே வரி மிஞ்சுகிறது, அதன் கீழே அதே சிவப்பு. அவள் அந்த நாலு வரியையும் வாய்க்குள் படிக்கிறாள். பிறகு நாற்காலியில் சாய்கிறாள்.

“என்னக்கா, சின்னதாயிடுச்சா? அனுப்பு, பாக்குறேன்.”

“நீ பாத்ததுதான்டா. போன வாரம் ‘கண்ண மூடிட்டு ஒட்டிக்கோ’ன்னு நீ அனுப்பின நாலு வரி.”