யார் அந்த ஷிப்ட் மேஸ்திரி?

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி தேவலையா? போனை எட்ட வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு கல்லூரிக்குப் போகும் பல்லவி, இரண்டு பாடத்தில் பெயிலாகிவிட்டாள். மறுதேர்விலும் கோட்டை விட்டால் ஒரு வருடம் வீண். காரணம் அவள் அம்மா பிலோமினாவுக்குத் தெரியும்.

"எல்லாம் இந்த போனாலதான். குடுடி இங்க."

"பாடமெல்லாம் அதுலதாம்மா அனுப்புறாங்க."

"இன்னா பாடம்? க்ளாஸ் நேரத்துல கூட நீ ஆன்லைன்ல இருக்க. நான் பாத்துக்கினேதான் இருக்கேன்."

போனைப் பிடுங்கிக் கணவர் பாக்கியராஜிடம் நீட்டினாள். "யார்கூட இவ்ளோ பேச்சுன்னு பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டினார். "ஷிப்ட் மேஸ்திரின்னு போட்டிருக்கு. நேத்து மட்டும் எழுபத்திரண்டு மெசேஜ், பன்னெண்டு கால்."

"எவன்டி அவன்?"

"வேணாம்மா, விட்டுடு."

"அவன நாலு கேள்வி கேக்காம விடறதா?" பிலோமினா மகளின் போனிலிருந்தே அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

அவள் மடியில் இருந்த அவளுடைய போன் அடித்தது.

பாக்கியராஜ் மெசேஜ்களைப் படித்தார். "படிக்கிறியா? ஏன் ஆன்லைன்ல இருக்க? ஏன் பதில் போடல?"

"பதில் போடலன்னா, சுரங்கத்துல வேலை வாங்குற மேஸ்திரி மாதிரி அம்மா உடனே கால் பண்ணுதுப்பா," என்றாள் பல்லவி.

பிலோமினா தன் போனைக் கணவரிடம் கொடுத்தாள். "பரீட்சை முடியிற வரைக்கும் நீங்களே வெச்சுக்குங்க."

பல்லவி தன் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் படிக்கப் போனாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"ஏங்க, என் போன குடுங்க. படிக்கிறாளான்னு ஒரே ஒரு மெசேஜ்."

உங்கள் வீட்டு மேஸ்திரி யார்? மறைக்காமல் எழுதிப் போடுங்கள்.