பொத்தான் வைத்த கம்பளி

கடல் நடுவே ஒரு தீவு. படகில் நைலான் போர்வை மலிவாக வந்து இறங்கியதும், கம்பளி நெய்தவர்களே அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு தறியை நிறுத்திவிட்டார்கள். விலைபோகாத ஆட்டு ரோமத்தைப் பாதைப் பள்ளத்தை நிரப்பக் கொட்டி மிதித்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கறிக்குப் படகேறின. மிஞ்சியது சாம்பி என்ற தாயாடும் அவள் குட்டியும்தான்.

"அடுத்த படகு எங்களுக்கா அண்ணே?" என்று காவல் நாயைக் கேட்டாள் சாம்பி.

"சேச்சே, நீ இப்போ பாரம்பரியம்மா. தினமும் சுற்றுலாக்காரங்க முன்னால உனக்கு ரோமம் வெட்டிக் காட்டப் போறாங்க. உனக்கு அப்புறம் நிக்கிறதுக்குக் குட்டியையும் விட்டுவைப்பாங்க."

"தினமுமா? எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதானே முளைக்கும்?"

"உன்னை நம்பியா தொழில் நடத்துவாங்க?" என்றது நாய்.

மறுநாள் அவளுக்கு நைலானில் ஒரு ரோமச் சட்டை வந்தது. வயிற்றுப் பக்கம் ஆறு பொத்தான். சட்டைக்கு இடைஞ்சல் என்று அவளுடைய சொந்த ரோமத்தை முதலில் மழித்துப் பள்ளத்தில் போட்டார்கள். கத்தரிக்கோலைச் சும்மா ஆட்டிவிட்டுப் பொத்தானைக் கழற்றினால் சட்டை மொத்தமாக விழும். சுற்றுலா வந்தவர்கள், "அசல்னா அசல்தான்" என்று கண்கலங்கிக் கைதட்டினார்கள்.

குட்டி எல்லாவற்றையும் பெருமையாகப் பார்த்தது. "அம்மா, எனக்கு எப்போ பொத்தான் முளைக்கும்?"

கரையில் கறிப்படகு நின்றிருந்தது. சாம்பி குட்டியின் வயிற்றை நக்கிக்கொடுத்தாள்.

"நல்லாப் புல்லு தின்னுடா. சீக்கிரம் முளைச்சிரும்."