அம்பு இல்லாத பெட்டி

மதிய வெயில் திரைச்சீலையைத் தாண்டி வந்து மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. பெரியவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொள்கிறார். கணினித் திரை முழுக்கப் பெட்டிகளும் அம்புகளும். வாடிக்கையாளர் எழுதித் தரும் அமைப்புக் கோப்பைக் கிளை கிளையாகப் பிரித்து, எந்தச் சேவை தொடங்கிய பிறகு எது தொடங்க வேண்டும் என்று அம்பு போட்டு வரைந்து தருவது இந்தக் குடும்பம் எழுதி விற்கும் புரோகிராம். இன்று ஒரு வாடிக்கையாளரிடம் டேட்டாபேஸ் தொடங்கும் முன்பே சர்வர் தொடங்கி, அங்கே வேலை மொத்தமும் நின்று கிடக்கிறது. “உங்க ஃபைல்லதான் கோளாறு. எங்க கைவேலையில பிசகு வராது” என்று காலையில் அவர்களிடம் ஃபோனில் அடித்துச் சொன்னவர் இவர்தான்.

மருமகள் சர்வர் பெட்டியைத் தொட்டுக் காட்டுகிறாள். அதைச் சுற்றி ஓர் அம்புகூட இல்லை. “அவங்க ஃபைல் சரியாத்தான் இருக்கு மாமா. நம்ம புரோகிராம் மேல்கிளைய மட்டும் படிச்சிட்டுத் திரும்பிடுது. டேட்டாபேஸ் வேணும்னு உள்கிளையில எழுதியிருக்கிறத அது பாக்கவே இல்ல.”

“அந்த இடத்த எழுதினது...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொள்கிறார்.

“மருமகதான் எழுதினதுன்னு சொல்லிடுங்க மாமா. கத்துக்குட்டின்னு விட்டுடுவாங்க” என்று அவள் சிரிக்கப் பார்க்கிறாள்.

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்து ஃபோனை எடுக்கிறார். “உங்க ஃபைல்ல தப்பு இல்லைங்க. தப்பு எங்களோடது. எழுதினது நான்.” எதிர்முனையில் பேச்சு நீள்கிறது. மருமகள் நாற்காலியை அருகில் நகர்த்துகிறாள். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.