படத்தில் ஒரு கரும்புள்ளி

“எத்தினி வாட்டி கேட்டாலும் ஒரே பதிலுதான் சார். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இந்த மேட்டுலதான் கீறோம்.”

கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள் பச்சையம்மா. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பொய் கண்ணில் தெரிந்துவிடும்.

குப்பமே கூடிப் பேசி வைத்த பொய் அது. திருவொற்றியூர்க் கரையோரம் இருந்த பழைய குப்பத்தை ஐப்பசிப் புயலில் கடல் தின்றுவிட்டது. மேலே ஏறி இந்த மணல்மேட்டில் குடிசை போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. புதிதாக வந்தவர்கள் என்று தெரிந்தால் சர்க்கார் விரட்டிவிட்டு, இடத்தை ஏதாவது தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடும். அவள் புருஷன் தேசப்பன்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான்.

சர்வே ஆபீஸ் ரகுபதியின் கையில் விமானத்திலிருந்து எடுத்த படம் இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்து, இது வீடு, இது உப்பளம், இது தரிசு என்று குறித்திருந்தார்கள். குறித்தது சரியா என்று நேரில் பார்ப்பது அவர் வேலை.

“போன சித்திரையில எடுத்த படம். இந்த மேட்டுல வெறும் மணல்தாம்மா தெரியுது.”

“சண்டையப்போ ஜப்பான்காரன் ஏரோப்ளேனுக்கே எங்க குடிசை தெரியல. உங்க ஏரோப்ளேனுக்கா தெரியப்போவுது?” என்றான் தேசப்பன்.

“கீழே கரையோரம் வரிசையா குடிசை தெரியுதே. அதெல்லாம் யாருது?”

“யாரு கண்டா? அந்தப் பக்கமே நாங்க போவறதில்ல.”

“கட்டுமரம் வெச்சிருக்கிறவர் கடல் பக்கம் போறதில்லையா?”

தேசப்பன் தலையைச் சொறிந்தான்.

ரகுபதி பூதக்கண்ணாடியைப் பச்சையம்மாவிடம் நீட்டினார். “சரி, இதையாவது சொல்லுங்க. கடைசிக் குடிசைக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு புள்ளி. குப்பைமேடுன்னு எழுதியிருக்காங்க. சரிதானே?”

அவள் குனிந்து பார்த்தாள். மூக்கு விடைத்தது.

“குப்பைமேடா? எந்தக் கஸ்மாலம் எழுதிச்சு? அது எங்க பூவரசு சார். என்னைக் கட்டிக்கினு வந்தப்போ இந்த ஆளு நட்டது. வெயில்ல குந்தி மீன் ஆஞ்சா என் மூஞ்சி வாடிப்போவுதாம். குப்பைமேடாமே, குப்பைமேடு.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தேசப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒரு மரத்துக்காகவாடி,” என்றான். கோபம் வரவில்லை அவனுக்கு.

“எப்ப சார் காலி பண்ணணும்?” அவள் குரல் இறங்கிவிட்டது.

ரகுபதி பென்சிலை எடுத்தார்.

“கடல்ல வீடு போனவங்களுக்குத்தான் இந்த மேட்டைப் பட்டா போடச் சொல்லி உத்தரவு. முன்னாடியே சொன்னா எண்ணூர் வரைக்கும் அத்தனை பேரும் ‘அது என் குடிசை’ன்னு வந்து நிப்பாங்க, அதான் வாயைத் திறக்கலை. ஆனா காலையிலேருந்து கேக்கறேன், உங்க குப்பத்துல ஒருத்தர்கூட அங்க இருந்தோம்னு ஒத்துக்க மாட்டேங்கறீங்களே.”