முந்திரிக்காட்டில் ஒத்திகை

“தன் சம்பளத்தைத் தானே கூட்டிக்கொண்டவன் யார்?”

கேட்டுவிட்டு நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடினால்தான் அவருக்கு முந்திரிமரங்கள் மறைந்து சட்டசபை தெரியும்.

“ஆளுங்கட்சி” என்றார்கள், கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களும்.

“சத்தம் பத்தல. வயித்துலேருந்து வரணும்.”

வயித்துல எதுனா இருந்தாத்தான வரும் என்று கொளஞ்சியம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். அது அவர் காதில் விழவில்லை. அவர் அந்நேரம் சென்னையில் இருந்தார்.

எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் கூடி, தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆண்டிமடம் டீக்கடைகளில் அதே பேச்சு. மசோதா கொண்டுவந்தது நீங்கதானே என்றது ஒரு கட்சி. நீங்களும் மேசையைத் தட்டினீங்களே என்றது இன்னொரு கட்சி. எதிர்க்கட்சியின் ஊர்ச் செயலாளரான நல்லுசாமியிடம், உங்க ஆளுங்களும்தானே புதுச் சம்பளம் வாங்குறாங்க என்று ஒருவர் மடக்கிப் பார்த்தார். குடுத்தவன் குத்தமா, வாங்குனவன் குத்தமா என்று அவர் திருப்பிக் கேட்டதும் அந்த ஆள் டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை கண்டனக் கூட்டம். திருச்சியிலிருந்து மாவட்டச் செயலாளர் வருகிறார். அடுத்த தேர்தலில் யாருக்கு சீட்டு என்பதை, அன்றைக்கு யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறாராம்.

பதினாலு வருஷக் கனவு அது. சாப்பிடும்போது வரும், சைக்கிள் மிதிக்கும்போது வரும். வெள்ளை வேட்டி சரசரக்க அவர் எழுந்திருப்பார், சபையே திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் வீட்டில் குழம்புக்கு உப்பில்லை என்றால்கூட அவருக்குத் தெரியாது.

“ஐயா, அந்தக் கூலி விசயம்…” என்று கொளஞ்சியம்மாள் மெல்ல ஆரம்பித்தாள்.

காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நல்லுசாமிதான். இந்த சீசனில் நாள் கூலியில் எட்டணா குறைத்திருந்தார். கொட்டைக்கு விலையில்லை, விலை இல்லாததற்கு ஆளுங்கட்சிதான் காரணம், தன் கையில் ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே நாலு தடவை விளக்கியும் இருந்தார். கூட்டம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று ஐந்தாம் தடவையும் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் டிராக்டரில் பன்னிரண்டு பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைத்தெருவில் நல்ல கூட்டம். எதிர் டீக்கடையில் ஆளுங்கட்சிக்காரர்களும் காலை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள்.

நல்லுசாமி மைக்கைப் பிடித்தார். மூன்று தடவை கேள்வி கேட்டார். மூன்று தடவையும் பெண்கள் பிசகாமல் பதில் சொன்னார்கள். மாவட்டச் செயலாளர் பக்கத்து ஆளிடம் குனிந்து இவர் பேரை விசாரித்தார், தலையையும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் வினை. நல்லுசாமிக்குக் கண் தானாகச் சொக்கியது. கடைத்தெரு எங்கோ கீழே போனது. சபை திரும்பிப் பார்த்தது. ஒத்திகையில் இல்லாத ஒரு வரி வாயில் வந்து விழுந்தது.

“அவர்கள் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டதுகூடப் போகட்டும். உழைக்கிற ஏழையின் கூலியைக் குறைத்தவன் யார்?”

கண்ணை மூடியபடியே காத்திருந்தார். பதில் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். பன்னிரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“சொல்லும்மா, யாரு?” என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

மைக் மட்டும் உய்யென்று கத்தியது. அப்போதுதான் நல்லுசாமிக்குத் தன் கேள்வியே புரிந்தது. எட்டணாவை அவர் இதுவரை அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. மாவட்டச் செயலாளர் அவரையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

போச்சு, பதினாலு வருஷமும் போச்சு என்று நல்லுசாமி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆளுங்கட்சி” என்றாள் அவள், தெரு முழுக்கக் கேட்கும்படி.

மற்ற பதினோரு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. மாவட்டச் செயலாளரே எழுந்து வந்து முதுகில் தட்டி, சீட்டு உனக்குத்தான்யா என்று காதோடு சொன்னார். இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய சொல். கேட்டபோது நல்லுசாமியின் கண் முன்வரிசையில் இருந்தது.

மாலையைக் கழற்றிக்கூட வைக்காமல் நேரே டிராக்டரிடம் வந்தார்.

“ஏன் கொளஞ்சி, நெசத்தச் சொல்லியிருக்கலாமே?”

அவள் டிராக்டர் பெட்டியில் ஒரு காலை வைத்து ஏறியபடியே, சாதாரணமாகச் சொன்னாள்:

“ஒங்க மானத்த வாங்கி நாங்க என்னங்க பண்ணப் போறோம்? நாங்க கேட்டது கூலியத்தான.”