மெதுவாக வாசி

லெனின்கிராடில் அன்று அர்ஹிப் எழுதிய புது வயலின் சொனாட்டாவின் அரங்கேற்றம். மேடைக்குப் பின்னால் வயலின் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்த கிளெப், அர்ஹிப்பின் மனைவி தைசியா மட்டும் தனியாக வருவதைப் பார்த்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பூக்கள்.

"அவர் எங்கம்மா?"

"வரமுடியல, தம்பி."

"இன்னும் கோபமா? ரெண்டாவது பகுதியை நான் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டறேன்னு, ஒத்திகையில வில்லைப் பிடுங்காத குறையா திட்டினாரே. பஸ் பிடிக்கப் போறியான்னு கேட்டார்."

"இன்னிக்கு மெதுவாவே வாசி. அவருக்கு இனி ஒரு அவசரமும் இல்ல."

கிளெப் மெதுவாகத்தான் வாசித்தான். கடைசி சுரம் அடங்கியதும் அரங்கமே எழுந்து நின்றது.

உள்ளே வந்தவனிடம் தைசியா பூக்களை நீட்டினாள். சிவப்பு கார்னேஷன்கள். பிரித்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"என்னம்மா, ஆறு இருக்கு? செத்தவங்களுக்குத்தானே இரட்டைப்படையில குடுப்போம்? நல்லா வாசிச்சும் என்னைப் பாடையில ஏத்தறீங்களே. ஒண்ணு வழியில விழுந்திருக்கும், இருங்க."

நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினான்.

"ஒண்ணும் விழல. எண்ணித்தான் வாங்கினேன்."

கிளெப் நிமிர்ந்தான்.

"அது உனக்கில்ல, தம்பி. அவர் விடியக்காலையிலேயே போயிட்டார். நேத்து உடம்புக்கு முடியாமப் போனப்பவே, தான் போயிட்டாலும் நீ வாசிச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நாளைக்கு வந்து, மெதுவாத்தான் வாசிச்சேன்னு சொல்லிட்டு, நீயே அவர்கிட்ட வை."